ஃபிராங்க்ஃபர்ட்டுக்குச் சம்மதம்

ஜூன் 3, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை விழுந்த இடியில் அலுவலகக் கம்ப்யூட்டர் செத்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கொடுத்து, உள்ளே இருந்த விவரங்களை மட்டும் பிழைக்க வைத்துவிட்டேன். பெருமையாகப் போய்ச் சொன்னால் இல்லத்தை நடத்தும் பியூலா அக்கா பாராட்டவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“நேத்துப் பூரா அது அந்தக் கடையிலயா கெடந்துச்சு? எவனாவது தொறந்து பாத்திருந்தா என்னட்டி செய்வ?”

அதை நான் யோசிக்கவே இல்லை. உள்ளே இருப்பது என்ன, கடலைமிட்டாய்க் கணக்கா? ஒன்பது வருஷமாக எங்கள் இல்லத்துக்கு வந்து தங்கிய பெண்களின் விவரம் முழுவதும் அதில் இருக்கிறது. கட்டியவன் கையால் அடி வாங்கி, கட்டிய சேலையோடு ஓடி வந்தவர்கள். யார், எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது உட்பட. இல்லத்தின் பெயரையும் தெருவையும் இந்தக் குறிப்பில்கூட எழுத மாட்டேன். என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அவர் என்னைக் கொண்டுவந்து விடுவது பாளை பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கும் இந்த மாடி அலுவலகத்தில்தான்.

முடிவு செய்துவிட்டேன். எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றப்போகிறேன். பாலிடெக்னிக்கில் பன்னிரண்டு வருஷம் டேட்டாபேஸ் பாடம் எடுத்தவள் நான். இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஜூன் 5, வியாழன்

பியூலா அக்காவுக்கு விளக்க அரைநாள் போயிற்று. கிளவுடு என்றாலும் அது எங்கோ ஒரு ஊரில், ஒரு கட்டடத்தில், ஒரு இயந்திரத்துக்குள் இருப்பதுதான். எந்த ஊர் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றேன். மும்பை, ஹைதராபாத், சிங்கப்பூர், ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப இது பொண்ணு குடுக்க மாதிரில்லா இருக்கு. எந்த ஊரு, என்ன ஆளுவ, அக்கம்பக்கம் எப்படி, ஒண்ணுன்னா நாம போய் நிக்க முடியுமா, எல்லாம் விசாரிக்கணும்லா?”

“போய் நிக்க முடியாதுக்கா. அங்க யாரையும் உள்ள விடமாட்டாவ.”

“புருசனையும் விடமாட்டாவளா?”

“யாரையும் விடமாட்டாவ.”

“அப்ப நல்ல எடம்தான்” என்றார்.

ஜூன் 6, வெள்ளி

கதவு இடித்த மணிக்கட்டு வீக்கம் வற்றிவிட்டது. தட்டச்சு பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. சமையலறை அலமாரிக் கதவுக்கு இனி கீல் மாற்ற வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

எங்கள் டிரஸ்டின் நிர்வாகக் குழுக் கூட்டம். ஒரு பெரியவர் தன் மகன் நடத்தும் பொறியியல் கல்லூரியில் சர்வர் சும்மா கிடக்கிறது, இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். இலவசம் என்றதும் மற்றவர்கள் முகத்தில் வெளிச்சம். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன்: “அந்தக் காலேஜ்ல நம்ம மாவட்டத்து ஆம்பளையாட்கள்ல பாதிப் பேர் படிச்சிருக்காவ, மீதிப் பேர் அங்க வேலை பாக்காவ. நம்ம பிள்ளைகளோட விலாசத்த அவங்க கையிலயே குடுக்கச் சொல்லுதியளா?”

பெரியவர் தன் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பிறகு நான் போர்டில் எழுதி விளக்கினேன். மும்பை பக்கம், வேகம் அதிகம். ஹைதராபாத்தும் அப்படித்தான். சிங்கப்பூர் நடுத்தரம். ஃபிராங்க்ஃபர்ட் தூரம்; ஒரு பெயரைத் தேடினால் ஒரு கணம் தாமதித்துத்தான் வரும். ஆனால் இங்கே செல்வாக்குள்ள ஒரு மாமனார், ஒரு கட்சிக்காரர், ஒரு கடிதத்தை எழுதி வாங்கிக்கொண்டு போய் அங்கே கதவைத் தட்ட முடியாது. எங்கள் வழக்கறிஞர் சங்கரநயினார் சார் தலையாட்டினார். “தூரம்தான்ம்மா பாதுகாப்பு” என்றார். பொண்ணு கொடுக்கிற இடம் முடிவாயிற்று.

நன்றாகப் பேசினேன். கைதட்டினார்கள். பாலிடெக்னிக் வேலையை விட்டபிறகு போர்டில் எழுதியது இன்றுதான். அந்த வேலையை விட்டதில் வருத்தம் இல்லை. வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை, விட்டேன். வீட்டில் நிம்மதி முக்கியம்.

ஜூன் 10, செவ்வாய்

கணக்குத் திறந்தாயிற்று. கார்டு கேட்டது, அவருடைய கார்டைக் கொடுத்தேன், பணத்தை அக்கா மாதாமாதம் தந்துவிடுவார். எனக்கென்று தனியாக எதற்கு? நம்பர் கேட்டது, கார்டோடு இருப்பது அவர் நம்பர், அதையே கொடுத்தேன். ஓடிபி வந்ததும் அவருடைய பெயின்ட் கடைக்குப் போன் போட்டு, “அத்தான், ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்றேன்.

“இன்னைக்கு இது எத்தனாவது? நான் கடை நடத்தவா, உனக்கு நம்பர் வாசிக்கவா?” என்று சிரித்தார். பக்கத்தில் வாடிக்கையாளர்கள் இருந்திருப்பார்கள். ஆள் முன்னால் அவர் பேச்சே தனி அழகு.

இந்த நோட்டை வழக்கம்போல் அலுவலக மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன். வீட்டில் வைக்க இடம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

சங்கரநயினார் சார் ஒரு முடிச்சுப் போட்டார். “வெளிநாட்டுக்குக் கொண்டு போறதுக்கு முன்னால அந்தப் பொம்பளையாட்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. அவங்க வாழ்க்கைல்லா? சும்மா ஆமா இல்லன்னு கேட்டாப் போதாது. என்னென்ன விவரம் நம்மகிட்ட இருக்குன்னு காட்டி, படிச்சுப் பாத்துச் சம்மதம் குடுக்க வைக்கணும்.”

நியாயமான பேச்சு. எனக்கு மனசு நிறைந்தது. இவர்களிடம் யாராவது எப்போதாவது சம்மதம் கேட்டிருக்கிறார்களா? கல்யாணத்துக்குக் கேட்டார்களா? பிள்ளைக்குக் கேட்டார்களா? முதல்முறையாக நாங்கள் கேட்போம். ஒவ்வொருவரின் நம்பருக்கும் ஒரு குறுஞ்செய்தி. அதைத் தொட்டால் அவரவர் விவரம் திறக்கும். கீழே இரண்டு பொத்தான்: ஆம், இல்லை.

ஜூன் 14, சனி

அக்காவோடு ஆட்டோவில் இல்லத்துக்குப் போனேன். மரியபுஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உவரிப் பக்கத்துப் பெண். வந்த அன்று வாய் திறக்காதவள், இப்போது அடுப்படியில் அதிகாரம் அவளுடையதுதான். உப்பு குறைவு என்று சொன்னதற்கு, “ஒங்க வீட்டு உப்பு வேற ஒறைப்பு போல” என்று என்னையே வாரினாள்.

வருகிறவர்களின் போன்களை வாங்கி அணைத்து வைக்கும் இரும்பு அலமாரியின் சாவி அக்கா இடுப்பில்தான். திறந்து பார்த்தேன். நான்கைந்து போன்தான் கிடந்தது. “மத்தவங்களுக்குப் போனே கெடையாதுட்டி” என்றார்.

இசக்கியம்மாளிடமிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்திருந்தது; நல்லபடியாக இருக்கிறாளாம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை, அங்கேயே விடுதி. ஐந்து மாதம் இங்கே இருந்தவள். எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். வாய் ஓயாது, திட்டினாலும் சிரிப்பாள். அவள் புருஷன் அரிவாளோடு தேடியவன். அவளுடைய புது விலாசத்தைக் கம்பெனி பெயரோடு, விடுதி அறை எண்ணோடு, அன்றைக்கே பதிவில் சேர்த்துவிட்டேன். என் வேலையில் ஒரு எழுத்து விடுபடாது.

ஜூன் 16, திங்கள்

செய்தியை எழுதி முடித்தேன். சர்க்கார் தமிழில் இருக்கக் கூடாது என்று நான்கு முறை அடித்து எழுதினேன். ‘உங்கள் விவரங்களைப் பாதுகாப்பாக வெளிநாட்டில் வைக்கப்போகிறோம். அது உங்களுடையது. பார்த்துவிட்டு, சம்மதமா என்று சொல்லுங்கள். அன்புடன்.’ அன்புடன் என்று போட்டதற்கு அக்கா கிண்டல் செய்தார். செய்யட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் எல்லா நம்பருக்கும் அனுப்பினேன். பதில் வர வாரமாகும் என்று நினைத்தேன். முதல் ‘ஆம்’ நான் நாற்காலியில் உட்காரும் முன்பே வந்தது. மதியத்துக்குள் பாதிப் பேர். மரியபுஷ்பம், ஆம். இசக்கியம்மாள், ஆம். சாயங்காலம் பார்த்தால் ஒரே ஆம், ஆம், ஆம். ஒருத்திகூட இல்லை என்று சொல்லவில்லை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை நம்பிக்கையா எங்கள்மேல்?

அவரிடம் ஓடிபி வாங்கி, மொத்தத்தையும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஏற்றிவிட்டேன். போகும்போது கறி வாங்கிப் போகிறேன். இன்று அவரும் நல்ல மனநிலையில் இருக்கிறார்.

ஜூன் 18, புதன்

இன்று முடியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 19, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் நடந்தது கனவு என்று நானே நம்பிவிடுவேன்.

நேற்றுக் காலை பியூலா அக்கா போன் செய்தார். குரலே அவர் குரலாக இல்லை. “மரியபுஷ்பத்துப் புருசன் கேட்டுல நிக்கான். கூட ரெண்டு பேரு. ரூபி, அவன் ரூம் நம்பர் சொல்லுதான்ட்டி. மூணாம் நம்பர் ரூமுன்னு சொல்லுதான்.”

அவன் கத்தவில்லையாம். போனை நீட்டிக் காட்டியிருக்கிறான். அதில் நான் எழுதிய தமிழ், நான் போட்ட அன்புடன். “நீங்கதான எங்கிட்டச் சம்மதம் கேட்டிய? நாந்தான் குடுத்துட்டம்லா? பொறவு என்ன, கூப்பிடுங்க அவள” என்றானாம்.

நான் பதிவைத் திறந்தேன். தொலைபேசி எண் என்று ஒரு கட்டம். அதற்கு நான்கு கட்டம் தள்ளி, கணவர் எண் என்று ஒரு கட்டம். ஒன்பது வருஷமாக நானே நிரப்பிய கட்டங்கள். முதல்முறையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மரியபுஷ்பத்துக்கு இரண்டும் ஒன்று. அடுத்தவளுக்கும் ஒன்று. அதற்கு அடுத்தவளுக்கும். திரையை இழுக்க இழுக்க அதேதான். முந்தின நாள் வந்த ஆம் எல்லாம் யாருடைய ஆம் என்று அப்போதுதான் புரிந்தது. போனே இல்லாத பெண்கள் எப்படிப் பதில் அனுப்புவார்கள் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லையே!

செய்தியைத் தொட்டால் வரும் அந்த விவரப் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. யார் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மூட வேண்டுமென்றால் கிளவுடு கணக்குக்குள் போக வேண்டும். போனால் ஓடிபி கேட்டது. அவருக்குப் போன் போட்டேன்.

“அத்தான், நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க.”

“என்ன அவசரம்?”

“சொல்லுங்கன்னா சொல்லுங்களேன்!”

“யாருட்டக் கத்துத?”

நான் கத்தியது உண்மை. மன்னிப்புக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “நம்பர் வேணும்னா வீட்டுக்கு வந்து மரியாதையாக் கேளு. சாப்பாட்டு நேரம்தான.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மரியாதையாகக் கேட்டேன். முதலில் சோறு போடச் சொன்னார். போட்டேன். நீயும் உட்கார் என்றார். உட்கார்ந்தேன். அவர் போன் அவருடைய இடது உள்ளங்கைக்குள் இருந்தது. ரசம் வரைக்கும் சாப்பிட்டேன். மோருக்கும் கை நீட்டினேன். நான் சாப்பிட்டு முடித்ததும் புதிதாக ஒரு நம்பர் வரவழைக்கச் சொல்லி, அதை மெதுவாக வாசித்தார். பக்கத்தை மூடினேன்.

அந்த நேரம் முழுக்க அது திறந்து கிடந்தது. அந்த நேரம் முழுக்க நான் சோறு தின்றேன். என்னால் இதை நம்ப முடியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பசி வேறு இருந்தது.

இல்லத்தில் அக்கா கேட்டைச் சாத்தியபோது அவர்கள் திருப்பித் தள்ளியிருக்கிறார்கள். அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் கேட்டுக்கு நடுவில் நசுங்கிவிட்டன. சங்கரநயினார் சார் போலீஸோடு வந்ததும் அந்த ஆட்கள் ஓடிவிட்டார்கள். மரியபுஷ்பத்தையும் மற்றவர்களையும் பின்வாசல் வழியாக வேனில் ஏற்றி, வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த இல்லம் இனி இல்லை. ஒன்பது வருஷம் யாரும் கண்டுபிடிக்காத இடம் அது.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். கட்டு முழங்கை வரைக்கும் இருந்தது. டாக்டரம்மா எப்படி ஆயிற்று என்று சந்தேகமாகக் கேட்டார். கதவில் நசுங்கியது என்றார் அக்கா. டாக்டரம்மா போனபிறகு என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, “எனக்கு நெசமாவே கதவுதான் ரூபி” என்றார்.

அதை ஏன் என்னிடம் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லோருக்கும்தான் கதவு இடிக்கிறது.

பிறகு மரியபுஷ்பத்தைப் போய்ப் பார்த்தேன். குற்றம் என்னுடையது என்று தெரிந்தும் அவள்மேல்தான் பாய்ந்தேன். “உன் நம்பரக் கேட்டா அவன் நம்பரை ஏன்ட்டி குடுத்த?”

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். “எனக்குன்னு ஏதுக்கா நம்பரு? கேஸுக்கு அவிய நம்பரு, ரேசனுக்கு அவிய நம்பரு, பிள்ளைய பள்ளிக்கூடத்துல சேத்தப்பவும் அதான். போன் நம்பர் சொல்லுன்னு யாரு கேட்டாலும் வாயில அதான் வருது. மனப்பாடமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். நீங்க யாரு நம்பருன்னு கேக்கலியே.”

கேட்கவில்லை. மும்பையா, சிங்கப்பூரா என்று இரண்டு வாரம் விசாரித்தேன். யாருடைய நம்பர் என்று ஒன்பது வருஷத்தில் ஒருத்தியிடமும் கேட்கவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு குறையும் இல்லை. அங்கே யாரும் புகுந்து ஒரு எழுத்துகூட எடுக்கவில்லை. திறந்து கொடுத்தவள் நான்.

அதே நாள், சாயங்காலம் ஐந்து மணி

இசக்கி. இப்போதுதான் பார்க்கிறேன். அவளுக்கும் இரண்டு கட்டத்திலும் ஒரே நம்பர். செவ்வாய்க்கிழமை மதியம் ஆம். அப்படியென்றால் திருப்பூர் விலாசத்தை அந்த அரிவாள்காரன் பார்த்து இரண்டு நாள் ஆகிவிட்டது.

எச்சரிக்கலாம் என்றால் அவளுக்கென்று எங்களிடம் இருக்கும் ஒரே நம்பர் அவனுடையது. “அந்த நம்பரைத் தொட்டுராத, நமக்குத் தெரிஞ்சிட்டுன்னு அவனுக்குத் தெரிஞ்சா இன்னும் வேகமாப் போவான்” என்றார் அக்கா. சங்கரநயினார் சார் கம்பெனிக்குப் போன் செய்தார். ஷிப்டு நேரத்தில் யாரையும் கூப்பிட மாட்டோம் என்று காவலாளி வைத்துவிட்டானாம். மறுபடி அடித்தால் எடுக்கவே இல்லை. திருப்பூர் போலீஸில் தெரிந்த ஒருவரிடம் சொல்லியிருக்கிறார், அவர் பார்க்கிறேன் என்றாராம்.

பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? அவள் செத்தபிறகு பார்ப்பார்களா?

ஜூன் 20, வெள்ளி. திருப்பூர்

காலையில் அவர் என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டுப் போனதும் மாடிக்கு ஏறினேன். நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, இறங்கி, எதிரே புது பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. கோவில்பட்டி தாண்டியதும் போன் அடிக்கத் தொடங்கியது. மதுரை வரைக்கும் அடித்தது. பிறகு அணைத்துவிட்டேன். அவருடைய அழைப்பை எடுக்காமல் இருந்தது கல்யாணமான பிறகு இதுதான் முதல்முறை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி திண்டுக்கல், தாராபுரம் எல்லாம் போயிற்று. வழியெல்லாம் இசக்கி ஒரு வெள்ளைத் துணிக்கு அடியில் கிடப்பது போலவே மனசில் ஓடியது.

கம்பெனி கேட்டில் ஒரே கூட்டம். என் கால் அப்படியே நின்றுவிட்டது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, “என்னங்கம்மா ஆச்சு? ஷிப்டு விட்டிருக்காங்க, அவ்வளவுதானுங்க” என்றார்.

அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து கையில் பாதி கடித்த பன்னோடு இசக்கி வந்தாள்.

“ரூபியக்கா! நீங்க எங்க இங்க?”

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளை இழுத்துக்கொண்டு ஒரு டீக்கடைக்குள் போய், மூலையில் உட்கார வைத்து, நடந்ததெல்லாம் சொன்னேன். அவன் எந்த நிமிஷமும் வரலாம், உடனே துணியை எடு, கிளம்பு என்றேன். அவள் பன்னை முழுங்கிக்கொண்டே கேட்டாள். பிறகு சுடிதார் பைக்குள் கைவிட்டு ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூலை உடைந்த பழைய போன்.

“அக்கா, நம்பரு அவருதுதான். ஆனா போனு எங்கிட்டல்லா இருக்கு.”

எனக்கு விளங்கவில்லை.

“ஓடி வந்த அன்னைக்கு அவரு குடிச்சிட்டுக் கெடந்தாரு. தலமாட்டுல இருந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன். அவரு வேற சிம் வாங்கிட்டாரு போல. இது இன்னும் ஓடுது, நாந்தான் ரீசார்ஜ் போடுதேன். ஆம்னு அமுக்குனது நாந்தான். அன்புடன்னு போட்டிருந்திய, பாத்ததும் நீங்கதான்னு தெரிஞ்சிட்டு.”

“இல்லத்துல போன் வச்சிருக்கக் கூடாதுல்லா? அக்காட்டக் குடுக்கலியா நீ?”

“துணிப்பைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன்” என்று சிரித்தாள்.

ஓங்கி ஒரு அறை விடலாமா என்று வந்தது. விதியை மீறியிருக்கிறாள். அஞ்சு மாசம் எங்கள் எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவியிருக்கிறாள். அந்தப் போனால் ஆபத்து வந்திருக்கலாம். ஆனால் அதனால்தான் அவள் இங்கே உயிரோடு பன் தின்றுகொண்டிருக்கிறாள். ஒரு போன் அடித்திருந்தால் முடிந்திருக்கும்; அதைத் தொடாதே என்று ஊரைக் கூட்டி முடிவெடுத்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறேன். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. டீக்கடைக்காரர் சர்க்கரை கூடுதலாகப் போட்டு இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார்.

“அண்ணாச்சி தேடமாட்டாவளா?” என்று கேட்டாள் இசக்கி.

“தேடுவார்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பார்த்தாள். வாயாடி, ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. விடுதி அம்மாவிடம் சித்தி என்று சொல்லி, ராத்திரி என்னைத் தன் அறையிலேயே தங்க வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினாள்.

ஜூன் 21, சனி. திருப்பூர்

காலையில் போனைத் திறந்தேன். அவருடைய செய்திகள் வரிசையாக இறங்கின. முதலில் எங்கே இருக்கிறாய் என்று. பிறகு வீட்டுக்கு வா, ஒன்றும் செய்ய மாட்டேன் என்று. கடைசியாக, ‘உன் ஃபிராங்க்ஃபர்ட் நம்பர் இங்கேதான் வரும், தெரியும்ல?’ என்று.

தெரியும். ஒன்பது வருஷத்து மொத்தப் பெண்களின் விலாசமும் உலகத்திலேயே பத்திரமான இடத்தில் இருக்கிறது. அதன் சாவி பாளையங்கோட்டையில் ஒரு பெயின்ட் கடைக்காரர் உள்ளங்கையில் இருக்கிறது. கொடுத்தது நான்தான். அவர் யார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சமையலறை அலமாரிக் கதவுக்குக் கீல் சரியாகத்தான் இருக்கிறது.

சங்கரநயினார் சார் செய்தியும் வந்திருந்தது: கிளவுடு கம்பெனிக்கு டிரஸ்ட் பெயரில் எழுதிவிட்டாராம். நம்பர் மாறும் வரைக்கும் கணக்கைப் பூட்டி வைப்பார்கள். வீட்டுக்காரர் நம்பரை எடுத்துவிட்டு வேறு நம்பர் சேர்க்க வேண்டும், யாருடைய நம்பர் என்று கேட்கிறார்கள். இதற்கென்று புது சிம் வாங்க விரல்ரேகை வேண்டும்; அக்காவின் விரல்கள் கட்டுக்குள் இருக்கின்றன. என்னிடம் இருப்பதும் அவர் பெயரில் வாங்கிய சிம்தான்.

மதியம் இசக்கிக்கு இடைவேளை. இருவரும் கம்பெனிக்கு எதிரே இருக்கும் செல்போன் கடைக்குப் போனோம். கடைப் பெண் என் ஆதாரை வாங்கி, விரலை வைக்கச் சொன்னாள். இயந்திரம் இரண்டு தடவை என்னை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்ததும் ஏற்றது.

“இன்னொரு நம்பர் சொல்லுங்கக்கா, அதுக்கு ஒரு ஓடிபி வரும். வீட்டுக்காரர் நம்பர் இருந்தாச் சொல்லுங்க.”

என் வாய் திறந்துவிட்டது. முதல் நான்கு எண்ணைச் சொல்லியும்விட்டேன். எனக்கே கேட்டது. இசக்கி சட்டென்று என் கையைப் பிடித்து அமுக்கி, “அது இல்ல, இத எழுதுங்க” என்று தன் புருஷன் நம்பரைச் சொன்னாள்.

உடைந்த போன் அவள் கையில் அதிர்ந்தது. எங்கே இருக்கிறாய், எதற்கு அவசரம், யாரிடம் கத்துகிறாய் என்று எதுவும் இல்லை. ஓடிபி வந்ததும் உரக்க வாசித்தாள். கடைப் பெண்ணுக்குக் கேட்கவில்லையென்று மறுபடியும் வாசித்தாள்.

பழைய சிம்மை என்ன செய்ய என்று கடைப் பெண் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் இசக்கி அதை வாங்கித் தான் தின்று முடித்த பன்னின் காகிதத்தில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள்.

புது நம்பரிலிருந்து பியூலா அக்காவைக் கூப்பிட்டேன். நெடுநேரம் அடித்தது. இடது கையால் எடுக்கப் பழகவில்லை போல. எடுத்ததும் பேசாமல் இருந்தார். தெரியாத நம்பர் என்றால் இப்போது அவருக்குப் பயம்.

“நான்தான்க்கா, ரூபி.”

“ஏட்டி, உசிரக் கையில பிடிச்சிட்டு இருக்கேன். இசக்கி?”

“இருக்கா. நல்லா இருக்கா. வந்து சொல்லுதேன்.”

அக்கா அழுதது கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வீட்டுக்குப் போவாண்டாம். நேரா இங்க வா. உனக்கும் ஒரு பாய் போட எடம் இருக்கு” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

“சரி, இது யாரு நம்பர்ட்டி?” என்றார்.

“என் நம்பர்க்கா” என்றேன்.